மூன்றாவது ஐந்நூறு

மேனா சில்வேராவுக்கு டர்லக் ஊரில் இரண்டு பட்டப்பெயர்கள். பால் லாரி ஓட்டுகிறவர்கள் அவளை 'பிரேக் போடாதவள்' என்பார்கள். அதே மேனாவை நெடுஞ்சாலை ஓரத்துச் சீட்டாட்டக் கிளப்பில் 'கருங்கல்' என்பார்கள். நல்ல சீட்டு கைக்கு வரும்வரை அசைய மாட்டாள் என்று பொருள். லாரியில் அப்படி, மேசையில் இப்படி என்றால் இரண்டில் ஒன்று வேஷமாகத்தான் இருக்க வேண்டும் என்று ஆர்லன் பிக்ஸ்பி சொல்லித் திரிவான். ஆர்லன் சொல்கிற பல விஷயங்களைப் போல இதிலும் பாதி உண்மை இருந்தது.

விடிவதற்கு முன்னால் பண்ணை பண்ணையாகப் போய்ப் பால் ஏற்றி, சீஸ் ஆலையில் கொண்டு இறக்கினால் மதியத்துக்குள் அவள் வேலை முடிந்துவிடும். வாரத்தில் மூன்று நாள் நேராகக் கிளப்புக்கு வந்துவிடுவாள். டயர்க் கடைக்கும் கோழித்தீவனக் கடைக்கும் நடுவில் இருக்கிற கிளப் அது. உள்ளே போக்கர் மேசைகள் இரண்டு. இருநூறு டாலர் வைத்திருந்தால் சின்ன மேசையில் உட்காரலாம். பெரிய மேசைக்கு ஐந்நூறு வேண்டும். பெரிய மேசையை மட்டும் இரண்டு படி உயரத்தில் போட்டு, சுற்றிலும் மரக் கைப்பிடி அடித்து வைத்திருந்தார்கள். யார் ஏறுகிறார்கள், யார் இறங்குகிறார்கள் என்பது கிளப் முழுக்கத் தெரியும்.

மேனாவுக்குப் பெரிய மேசை மேல் ஆசை வந்ததற்குக் காரணம் அந்தஸ்து இல்லை. ஒவ்வோர் ஆட்டத்திலும் கிளப் தன் பங்காக ஒரே அளவு தொகையைக் கழித்துக்கொள்ளும். மேலேயும் அதே பங்கு, கீழேயும் அதே பங்கு. கீழே ஆடுகிற பணம் சின்னது என்பதால், ஜெயிக்கிறவர்களின் லாபத்தில் பாதியை அந்தப் பங்கே தின்றுவிடும். எத்தனை திறமையாக ஆடினாலும் கிளப்புக்குக் கூலி வேலை செய்த மாதிரிதான். ஆறு வருஷம் அந்தக் கூலி வேலையைச் செய்து அவள் சலித்துப் போயிருந்தாள்.

சலிப்பு வந்தவர்கள் எல்லோரும் செய்வதைப் போல ஒருநாள் வீறாப்பாக மேலே ஏறிவிடலாம். அகலக் கால் வைத்தவர்களை அந்தக் கிளப் நிறையப் பார்த்திருக்கிறது. மேனா அப்படிப்பட்டவள் இல்லை. சமையலறை மேல் அலமாரியில் ஒரு காபி டப்பா வைத்திருந்தாள். சீட்டில் ஜெயித்த காசு அதற்குள் போகும், சீட்டுக்கான காசு அதிலிருந்து வரும். வீட்டுக் காசு அதற்குள் போகாது. அதன் காசு வீட்டுக்கு வராது. டப்பா காலியானால் அன்றோடு சீட்டைத் தொடுவதில்லை என்று புருஷன் டினிஸிடம் சொல்லியிருந்தாள். டினிஸும் அதை அப்படியே மனதில் வைத்துக்கொண்டான்.

இந்தச் சட்டத்துக்கு ஒரு சோதனையும் வந்தது. போன வருஷ ஜூலையில், வெயில் நூறு டிகிரியைத் தாண்டி அடித்த வாரத்தில், வீட்டு ஃபிரிட்ஜ் உயிரை விட்டது. டினிஸ் கையில் ஒரு பீர் பாட்டிலோடு அலமாரியையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"அந்த டப்பால நாலாயிரத்துக்கு மேல கிடக்கு. நான் வெந்நீர் மாதிரி பீர் குடிச்சிட்டிருக்கேன்."

"அது ஆட்டக் காசு."

"நோட்டுல ஆட்டக் காசு, வீட்டுக் காசுன்னு எழுதியா ஒட்டியிருக்கு?"

"டப்பா மேல ஒட்டியிருக்கேன். எட்டிப் பாரு." உண்மையிலேயே ஒட்டித்தான் வைத்திருந்தாள். "இன்னைக்கு ஃபிரிட்ஜுக்காக அதுல கைய வச்சேன்னு வை, நாளைக்கு ஆட்டத்துல தோத்தா உன் சம்பளத்துல கைய வைப்பேன். கதவு ஒண்ணுதான் டினிஸ், ரெண்டு பக்கமும் திறக்கும்."

டினிஸ் பீர் பாட்டிலைக் கீழே வைத்தான். "அப்ப சாத்தியே வை" என்று சொல்லிவிட்டு ஐஸ் வாங்கப் போனான். சம்பளம் வரும்வரை அவர்கள் வீட்டு லிங்குவிஸா தொத்திறைச்சி மீன்பிடிக்கப் போகும்போது எடுத்துப்போகிற பெட்டியில் ஐஸுக்குள்தான் கிடந்தது.

இந்த ஆகஸ்டில் டப்பாவில் ஐயாயிரத்து ஐந்நூறு சேர்ந்தது. நாலாயிரம் இருந்தால் சின்ன மேசையில் எத்தனை மோசமான காலம் வந்தாலும் தாக்குப்பிடிக்கலாம். அதில் கை வைக்கக் கூடாது. மேலே நிற்கிற ஆயிரத்து ஐந்நூறை மூன்று ஐந்நூறாகப் பிரித்தால் பெரிய மேசைக்கு மூன்று முறை ஏறலாம். மூன்றும் போனால் பழையபடி கீழே. அந்த ஆயிரத்து ஐந்நூறைச் சேர்க்க அவளுக்கு ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது, தோற்றால் இன்னொரு வருஷம் கூலி வேலை. அவளுக்கு நாற்பத்தாறு வயது. இன்னொரு வருஷம் என்று நினைத்தாலே கசந்தது.

இதையெல்லாம் அவள் தன்னோடு வைத்துக்கொண்டிருக்கலாம். யூனிஸிடம் சொன்னதுதான் தப்பு. யூனிஸ் பியூட்டி பார்லர் நடத்துகிறவள், சின்ன மேசையில் மேனாவுக்குப் பக்கத்து நாற்காலி. யூனிஸ் காதில் விழுந்தது மறுநாள் ஊரில் முடி வெட்டிக்கொண்ட அத்தனை பேருக்கும் தெரியும். மேனாவிடம் மூன்று ஐந்நூறுதான் இருக்கிறது என்ற செய்தி அவள் முதல் படியில் கால் வைப்பதற்கு முன்பே மேலே போய்ச் சேர்ந்துவிட்டது.

முதல் ஐந்நூறு யார் குற்றமும் இல்லாமல் போனது. மேனா கையில் ராஜா ஜோடி, எதிராளி கையில் ஏஸ் ஜோடி. ஆனைக்கும் அடி சறுக்கும், அவ்வளவுதான். பணம் போனதும் அவள் செய்த காரியத்தைத்தான் கிளப் பேசியது. மேலே தோற்றவர்கள் பெரும்பாலும் போன் பேசுவதைப் போல வாகனம் நிறுத்துமிடத்துக்குப் போய், அப்படியே வீட்டுக்குக் கிளம்பி, அடுத்த வாரம் ஒன்றும் நடக்காத மாதிரி வருவார்கள். மேனா அன்று மதியமே, எல்லோரும் பார்க்க, இரண்டு படியும் இறங்கி வந்து சின்ன மேசையில் இருநூறு வைத்து உட்கார்ந்தாள். பந்தியிலிருந்து எழுப்பப்பட்டவர் அடுக்களையில் போய்ச் சாப்பிடுகிற மாதிரி இருந்தது பார்ப்பவர்களுக்கு.

"மேல காத்து எப்படிக் கண்ணு இருந்துச்சு?" என்றாள் யூனிஸ்.

"நல்லாத்தான் இருந்துச்சு. வாடகைதான் அதிகம்."

ஆர்லன் மேலே கைப்பிடியில் சாய்ந்து நின்று கேட்டுக்கொண்டிருந்தான். தோட்டங்களுக்குப் பாசன மோட்டார் விற்கிறவன் அவன். பத்து வருஷத்தில் ஒருமுறைகூடச் சின்ன மேசையில் உட்கார்ந்ததில்லை என்பதில் அவனுக்கு ரொம்பப் பெருமை. தோற்றால் அவனும் வாகனம் நிறுத்துமிடத்துக்குத்தான் போவான். ஆனால் வண்டிக்குள்ளிருந்து இன்னொரு கட்டுப் பணத்தோடு திரும்பி வருவான். அது மோட்டார் விற்ற பணமா, வேறு பணமா என்று யாரும் கேட்டதில்லை. "இறங்குறதுக்கு ஏறாமலே இருந்திருக்கலாமே அம்மணி" என்றான் மேலிருந்து.

இரண்டாவது ஐந்நூறு போனதில் குற்றம் மேனாவுடையதுதான். அன்று முழுவதும் அவள் சீட்டைப் பார்க்கவில்லை, பணத்தைப் பார்த்தாள். யாராவது பெரிய தொகை வைத்தால் நல்ல சீட்டையும் கவிழ்த்துவிட்டு ஒதுங்கினாள். பணம் சொட்டுச் சொட்டாக வடிந்தது. ஒரு தடவை ஆர்லன் நூற்றைம்பது வைத்தான், மேனா ராணி ஜோடியைக் கவிழ்த்தாள். ஆர்லன் தன் சீட்டைத் திருப்பிப் போட்டுக் காட்டினான். ஏழும் இரண்டும். ஒன்றுக்கும் உதவாத சீட்டு.

"உதாருக்கே இந்த நடுக்கமா? நிஜமா சீட்டு வந்தா என்ன பண்ணுவ?"

மேசையே சிரித்தது. மேனாவுக்குக் காது மடல் சுட்டது. மிச்சமும் போனதும் மறுபடி இறங்கி வந்து சின்ன மேசையில் உட்கார்ந்தாள். இந்த முறை யூனிஸ் தன் தட்டிலிருந்த உருளைக்கிழங்கு வறுவலை அவள் பக்கம் நகர்த்தினாள். அந்த இரக்கம்தான் சிரிப்பைவிட அதிகமாக வலித்தது.

அன்று வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் அவள் தன்னையே திட்டிக்கொண்டு போனாள். ஐந்நூறை டப்பாவிலிருந்து எடுத்தாளே தவிர, மனசிலிருந்து எடுக்கவில்லை. மேசையில் வைத்த பிறகும் அது தன் காசு, பத்திரமாக வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டிய காசு என்று நினைத்துக்கொண்டே ஆடியிருக்கிறாள். நெல்லை விதைக்கக் கொண்டுபோனவள் மடியிலேயே முடிந்து வைத்துக்கொண்டால் எங்கே விளையும்? இருக்கிற மூன்றில் ஒன்றுதான் பாக்கி.

வியாழக்கிழமை விடிகாலையில், லாரிக்குக் கிளம்பும் முன், அந்த மூன்றாவது ஐந்நூறை டப்பாவிலிருந்து எடுத்துச் சமையலறை மேசையில் வைத்தாள். டினிஸ் இனிப்பு ரொட்டியைக் காபியில் தோய்த்துத் தின்றுகொண்டிருந்தான்.

"இது போயாச்சு" என்றாள்.

"எங்க போச்சு? கண்ணு முன்னாலதான இருக்கு?"

"போயாச்சுன்னு வச்சுக்கோ. நான் வச்சுக்கிட்டேன்."

"சரி, போயாச்சு" என்றான் டினிஸ். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் எதை விளக்கம் கேட்க வேண்டும், எதைக் கேட்கக் கூடாது என்று அவனுக்குத் தெரிந்திருந்தது.

மதியம் கிளப்பில் பாவ் ஷியோங் மைக்கில் அவள் பெயரைக் கூப்பிட்டான். மேசைகளை மேற்பார்வை பார்க்கிறவன் அவன். "மேனா, பெரிய மேசையில இடம் இருக்கு. வர்றீங்களா?" என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரிக் கேட்டான். மேனா ஏறினாள். உட்காரும்போதே, நாலு மணிக்கு எழுந்துவிடுவேன் என்று மேசையிடம் சொன்னாள். முன்கூட்டியே சொல்லிவிட்டால், ஜெயித்துவிட்டு எழுந்து போகிறவரை ஓடிப்போனதாக யாரும் பழிக்க முடியாது. அந்த மேசையின் மரியாதை அது.

"நாலு மணி வரைக்கும் தாங்குமா?" என்றான் ஆர்லன்.

ஒரு மணி நேரம் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. கொஞ்சம் போனது, கொஞ்சம் வந்தது. அப்புறம் மேனாவுக்குப் பத்தாம் நம்பர் சீட்டு ஜோடியாக வந்தது. இந்த ஆட்டத்தில் ஆளுக்கு இரண்டு சீட்டு மறைவாக இருக்கும், நடுவில் ஐந்து சீட்டு பொதுவாக விழும். ஆர்லன் தொடங்கினான், மேனா தொடர்ந்தாள், மற்றவர்கள் ஒதுங்கினார்கள். நடுவில் முதலில் மூன்று சீட்டு விழுந்தது: ஆட்டின் என்கிற சிவப்பு இதயச் சீட்டில் ராணியும் எட்டும், ஒரு கிளாவர் மூன்று. ஆர்லன் நாற்பது வைத்தான். மேனாவும் வைத்தாள். அடுத்து டைமண்ட் ஐந்து. ஆர்லன் நூறு வைத்தான். மேனா யோசித்துவிட்டு வைத்தாள். கடைசிச் சீட்டு இஸ்பேட் இரண்டு. அதனால் யாருக்கும் ஒரு நன்மையும் இல்லை. நடுவில் முந்நூற்றுச் சொச்சம் கிடந்தது. மேனா முன்னால் மிச்சம் இருந்தது முந்நூறு.

ஆர்லன் அவள் டோக்கன் அடுக்கைக் கண்ணாலேயே அளந்தான். அப்புறம் தன்னிடமிருந்து முந்நூறை ஒரே தள்ளாகத் தள்ளினான்.

சீட்டுப் போடுகிற பெண் கையைக் கட்டிக்கொண்டாள். கீழே சின்ன மேசையில் ஆட்டம் நின்றுவிட்டது. யூனிஸ் நாற்காலியிலிருந்து எழுந்தே நின்றாள்.

"எங்கிட்ட ராணி இருக்கு மேனா, நடுவுல கிடக்கிறதோட ஜோடி" என்றான் ஆர்லன், சாவகாசமாக. "கணக்கு எனக்கும் தெரியும். மூணுல ரெண்டு போயாச்சு. இது கடைசி. இதையும் விட்டுட்டு அடுத்த ஆகஸ்ட் வரைக்கும் கீழ உட்கார்ந்து வறுவல் தின்னப் போறியா? கவுத்திடு. முந்நூறாவது மிஞ்சும்."

போன தடவையாக இருந்தால் இந்தப் பேச்சு வேலை செய்திருக்கும். இன்று காசு போய்விட்டது. காலையிலேயே, இனிப்பு ரொட்டி தின்கிற நேரத்திலேயே போய்விட்டது. இல்லாத காசுக்காக யார் நடுங்குவார்கள்? எனவே மேனாவுக்கு யோசிக்க இடம் இருந்தது. அவள் ஆர்லனை யோசித்தாள்.

ஆர்லன் வியாபாரி. நிஜமாகவே நல்ல சீட்டு வந்தால் அவன் வாயைத் திறக்க மாட்டான். அறுபதோ எழுபதோ வைத்து, வா வா என்று கூப்பிடுவான். அவள் எத்தனை தடவை பார்த்திருக்கிறாள். நல்ல சரக்கை வைத்துக்கொண்டு எந்தக் கடைக்காரன் வாடிக்கையாளரை விரட்டுவான்? இந்த முந்நூறு கூப்பிடுகிற விலை இல்லை, துரத்துகிற விலை. அதுவும் ராணி இருப்பவனுக்கு அவள் கணக்கைப் பற்றி என்ன கவலை? அவளுடைய ஐந்நூறுகளை அவளைவிடக் கவனமாக அவன் எண்ணி வைத்திருக்கிறான். நடுவில் ஆட்டின் சீட்டு இரண்டு விழுந்தபோது, தன்னிடமிருக்கிற இரண்டோடு ஐந்தாக்க அவன் மூன்றாவதுக்குக் காத்திருந்திருப்பான். அது வரவில்லை.

தப்பாகவும் இருக்கலாம் என்று நினைத்தாள். தப்பானால் இரண்டு படி. அந்தப் படிகளை அவளுக்கு நன்றாகத் தெரியும், இரண்டு தடவை இறங்கியிருக்கிறாள். அதில் யாருக்கும் கால் ஒடிந்ததில்லை.

"போடுறேன்" என்று முந்நூறையும் நடுவில் வைத்தாள்.

ஆர்லன் சீட்டைத் திருப்பவில்லை. "உன் சீட்டக் காட்டு" என்றான்.

"முதல்ல நீங்கதான் காட்டணும்" என்றாள் சீட்டுப் போடுகிற பெண், குரலில் கொஞ்சம் இனிப்பு கலந்து.

ஏஸ், ஜாக்கி. இரண்டும் ஆட்டின். நடுவிலிருந்த எதோடும் சேராத இரண்டு சீட்டு. மேனா தன் இரண்டு பத்தையும் திருப்பிப் போட்டாள். கீழே யூனிஸ் கையைத் தட்டிய சத்தம் சமையலறை வரை கேட்டிருக்கும்.

"மூணாவது ஐந்நூறு அது" என்றான் ஆர்லன். முகம் சிவந்திருந்தது. "சட்டம் போட்டு ஆடுற நீ, கடைசிக் காச இப்படிப் போட்டிருக்கவே கூடாது."

"என் சட்டம் வீட்டுல காசு எடுக்கிற வரைக்கும்தான் ஆர்லன். எவ்வளவு எடுக்கலாம்னு அது சொல்லும். இங்க வந்து உக்காந்தப்புறம் சீட்டுதான் பேசணும்."

"அதிர்ஷ்டம்."

"இருக்கட்டும். அதுவும் டோக்கனாத்தான வந்திருக்கு" என்று அடுக்க ஆரம்பித்தாள். கத்த வேண்டும் போல, குதிக்க வேண்டும் போல இருந்தது. ஆறு வருஷத்தில் முதல் தடவையாக அந்த மேசை அவளுக்கு வெறும் மேசையாகத் தெரிந்தது.

குப்புற விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டாத ஆள் ஆர்லன். போன் வந்த மாதிரி வெளியே போனான், ஆயிரத்தோடு திரும்பி வந்தான். அந்த ஆயிரம் அவன் மனசிலிருந்து இறங்கவில்லை என்பது அவன் உட்கார்ந்த விதத்திலேயே தெரிந்தது. இப்போது அவன்தான் பணத்தைப் பார்த்துக்கொண்டு ஆடினான். ஆனால் பயந்து ஒதுங்கவில்லை. இழந்ததை மேனாவிடமே பிடுங்க வேண்டும் என்ற வெறியில், அவள் எதை வைத்தாலும் விடாமல் துரத்தினான். கருங்கல்லுக்கு வேறென்ன வேண்டும்? நல்ல சீட்டுக்காகக் காத்திருந்தாள். மூன்று எட்டு சேர்ந்தபோது கொஞ்சம் கொஞ்சமாக விலையேற்றினாள். ஆர்லன் அதை உதார் என்று நினைத்துக் கடைசிவரை கூடவே வந்தான். நாலு மணிக்கு அவள் எழுந்தபோது அவள் டோக்கன் தட்டில் இரண்டாயிரத்து முந்நூறு இருந்தது. ஆர்லன் நாற்காலி காலியாக இருந்தது. மறுபடி அவனுக்குப் போன் வந்திருந்தது.

தட்டைத் தூக்கிக்கொண்டு படி இறங்கினாள். பாவ் பெயர்ப் பட்டியலோடு கீழே நின்றான்.

"சனிக்கிழமைக்கு எந்த மேசையில எழுதட்டும்?"

"பெரிசுல எழுது பாவ்."

சின்ன மேசை முழுக்க அவளையே பார்த்தது. யூனிஸ் பக்கத்து நாற்காலியைத் தட்டினாள். "அப்ப இத வேற ஆளுக்குக் குடுத்துரலாமா?"

"குடுத்துராத. விழுந்தா அங்கதான வரணும்? இப்ப நாலு தரம் விழறதுக்கு வசதி வந்திருக்கு."

"நாலு தரம் விழறதுக்கு இவ்வளவு சந்தோஷப்படுற ஆள இப்பத்தான் பாக்கிறேன்" என்றாள் யூனிஸ். மேனா குனிந்து அவளைக் கட்டிக்கொண்டாள். யூனிஸ் தட்டிலிருந்து ஒரு வறுவலையும் எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள்.

வெளியே வாதுமைத் தோப்புத் தூசியும் வெயிலுமாக அனல் அடித்தது. ஆர்லன் தன் வண்டிக் கதவைத் திறந்து போட்டு, காலை வெளியே தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தான். கையில் போன் இல்லை, பணமும் இல்லை. அவளைப் பார்த்ததும் நிமிர்ந்தான்.

"சனிக்கிழமை வருவல்ல? என் காச எடுத்துட்டு ஓடிறமாட்டியே?"

"வருவேன். இப்பவே ஆடணும்னா உள்ள யூனிஸ் பக்கத்துல ஒரு இடம் இருக்கு. இருநூறு போதும்."

ஆர்லன் கிளப் கதவைப் பார்த்தான், கையைப் பார்த்தான். "நான் அங்க உக்கார மாட்டேன்னு உனக்குத் தெரியாதா?"

"தெரியும்" என்றாள் மேனா. "அதனாலதான் உன் காசு எங்கிட்ட இருக்கு."

தன் வண்டியில் ஏறி, கண்ணாடியை ஏற்றிவிட்டு, நெடுஞ்சாலைக்குப் போய்ச் சேரும்வரை வாய்விட்டுச் சிரித்துக்கொண்டே ஓட்டினாள்.